நின்று நின்று ஓடும் ஏர்கோன்

ஏர்கோன் போடுகிறோம். ஓடுகிறது, நிற்கிறது, மறுபடி ஓடுகிறது, மறுபடி நிற்கிறது. அறை குளிர்ந்தபாடில்லை, மாதக் கடைசியில் கரண்ட் பில் மட்டும் ஏறி நிற்கிறது. ஈப்போவில் சிலிபின், புந்தோங், மெங்லெம்பு வட்டாரத்தில் இந்தப் புகாரோடு யாரைக் கூப்பிட்டாலும் பெரும்பாலும் காதில் விழுவது ஒரே பதில்தான்: “கேஸ் கொறஞ்சிருச்சு அங்கிள், டாப்-அப் பண்ணிடலாம்.” சில சமயம் மூடியைக் கழற்றுவதற்கு முன்பே அந்தப் பதில் வந்துவிடும்.

எனக்கு அந்தப் பதிலோடு நெடுநாள் சண்டை. ஏர்கோன் கேஸ் கார் பெட்ரோல் மாதிரி ஓட ஓடத் தீர்ந்துபோகிற சரக்கு இல்லை. மூடிய செம்புக் குழாய்க்குள் திரவமாகவும் ஆவியாகவும் மாறி மாறிச் சுற்றிக்கொண்டே இருப்பது. குழாயில் ஓட்டை இல்லையென்றால் பத்து வருடம் ஆனாலும் அளவு குறையாது. குறைந்திருக்கிறது என்றால் எங்கோ கசிகிறது என்று அர்த்தம். கசிவை அடைக்காமல் மேலே மேலே ஊற்றினால் அடுத்த வருடம் அதே ஆள், அதே சிலிண்டர், அதே பில். கேஸ் குறைவதே இல்லை என்று நான் சொல்லவில்லை. குறையும். ஆனால் நின்று நின்று ஓடும் நோய்க்குக் காரணம் தேடும்போது கேஸ் வரிசையின் கடைசியில் நிற்க வேண்டியது. வரிசையின் முதலில் நிற்பது காற்று.

தொழிற்சாலையில் மெயின்டனன்ஸ் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். மோட்டாரும் பம்பும் குளிரூட்டும் பெட்டிகளும்தான் பிழைப்பு. ஒரு மெஷின் தானாக நிற்கிறதென்றால் அதற்குள் இருக்கும் ஏதோ ஒரு காவல் அதை நிறுத்துகிறது. எந்தக் காவல் நிறுத்தியது என்று கண்டுபிடித்தால் பாதி வேலை முடிந்தது. வீட்டு ஏர்கோனிலும் அப்படித்தான். அறை போதுமான அளவு குளிர்ந்துவிட்டது என்று சொல்லும் சென்சார் ஒன்று. உள்ளே இருக்கும் காயிலில் பனி உறையப்போகிறது என்று சொல்லும் சென்சார் இன்னொன்று. கம்ப்ரசர் சுட்டுவிட்டால் அதை வெட்டிவிடும் ஓவர்லோட் மூன்றாவது. வீட்டு மெயின் பெட்டியில் இருக்கும் பிரேக்கர் நான்காவது. ஒவ்வொன்றும் நிறுத்தும் விதம் வேறு, நேரக் கணக்கும் வேறு. அதனால்தான் அக்கம்பக்கத்தில் யாராவது கூப்பிட்டால் நான் ஸ்குரூ டிரைவருக்கு முன்னால் கைக்கடிகாரத்தைப் பார்ப்பேன்.

அதற்கும் முன்னால், இது நோய்தானா என்று பார்க்க வேண்டும். இன்வெர்ட்டர் இல்லாத பழைய வகை ஏர்கோனில் கம்ப்ரசருக்கு இரண்டே நிலைதான்: முழு வேகம், அல்லது நிறுத்தம். ரிமோட்டில் 25 வைத்தால் அறை அந்த அளவுக்கு வந்ததும் வெளியே இருக்கும் கம்ப்ரசர் நிற்கும். உள்ளே விசிறி மட்டும் ஓடும். ஒன்றிரண்டு டிகிரி ஏறியதும் மறுபடி கிளம்பும். பத்துப் பதினைந்து நிமிடம் ஓடி, சில நிமிடம் ஓய்ந்து, மறுபடி ஓடினால் அது ஆரோக்கியமான மெஷின். ஒருமுறை நின்றால் உடனே கிளம்பாமல் மூன்று நிமிடம் போலக் காத்திருப்பதும் இயல்பே. குழாய்க்குள் இரண்டு பக்கத்து அழுத்தமும் சமமாகும்வரை கம்ப்ரசரைத் தொடக்கூடாது என்று போர்டில் எழுதிவைத்த விதி அது. மெஷின் கெட்டுவிட்டது என்று பதறி, சுவிட்சைத் தட்டித் தட்டிப் போடுகிறவர்கள்தான் அதைக் கெடுக்கிறார்கள்.

ரிமோட்டையும் ஒரு தடவை உற்றுப் பாருங்கள். தண்ணீர்த்துளி படம் போட்ட ‘டிரை’ நிலையில் இருந்தால் கம்ப்ரசர் வேண்டுமென்றே விட்டு விட்டுத்தான் ஓடும். ஈரத்தை உறிஞ்சுவதற்கான ஏற்பாடு அது. பேரப்பிள்ளை விளையாட்டாக அழுத்திவிட்டுப் போன பொத்தானுக்குச் சர்வீஸ் சார்ஜ் கொடுத்த வீடுகள் எங்கள் தாமானிலேயே உண்டு. சில மாடல்களில் அறைச் சூட்டை அளக்கும் சென்சார் ரிமோட்டுக்குள்ளேயே இருக்கிறது. அந்த வசதியைப் போட்டுவிட்டு ரிமோட்டை ஏர்கோன் காற்று நேராக அடிக்கும் மேசையில் வைத்தால் மெஷின் ஏமாந்துபோகும்.

சரி, டிரை நிலையும் இல்லை, ரிமோட்டும் சரி. கம்ப்ரசர் நான்கைந்து நிமிடத்தில் நின்றுவிடுகிறது, அறையோ புழுக்கமாகவே இருக்கிறது. அப்படியானால் காற்றைப் பாருங்கள்.

உள்பெட்டியின் முன்மூடியைத் தூக்கினால் வலை போன்ற ஃபில்டர் இரண்டு இருக்கும். நம் வீடுகளில் அதில் படிவது வெறும் தூசி இல்லை. வெள்ளிக்கிழமை சாம்பிராணிப் புகை படிகிறது. ஹாலில் மாட்டியிருந்தால் சமையலறையிலிருந்து வரும் தாளிப்பு எண்ணெய்ப் பிசுக்கும் படிகிறது. 2015, 2019 மாதிரி சுமத்ராவிலிருந்து புகைமூட்டம் வந்த வருடங்களில் வெளிக்காற்றே அழுக்கு. எண்ணெய்ப் பிசுக்கின் மேல் தூசி ஒட்டினால் உதறினால் போகாது. சோப்புத் தண்ணீரில் ஊறவைத்துக் கழுவி, நிழலில் காயவைத்துத்தான் மாட்ட வேண்டும். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை என்பது பெரிய வேலையே இல்லை.

ஃபில்டர் அடைத்தால் என்ன நடக்கும்? காயிலின் மேல் போதுமான காற்று போகாது. குளிர் வெளியேற வழியில்லாமல் காயிலிலேயே தங்கும். சூடு பூஜ்யத்துக்குக் கீழே இறங்கும், காற்றிலிருக்கும் ஈரம் பனியாக உறையும். உறைந்த பனி இன்னும் காற்றை மறிக்கும். அப்போது பனிச் சென்சார் கம்ப்ரசரை வெட்டும். பனி உருகும், சுவர் ஓரமாகத் தண்ணீர் சொட்டும், மறுபடி கம்ப்ரசர் கிளம்பும், மறுபடி உறையும். வெளியிலிருந்து பார்ப்பவருக்கு ‘நின்று நின்று ஓடுகிறது, தண்ணீரும் ஒழுகுகிறது’. பனியைக் கண்டால் கத்தியால் சுரண்டாதீர்கள்; உள்ளே இருப்பது மெல்லிய அலுமினியத் தகடு. விசிறி நிலையில் மட்டும் ஒரு மணி நேரம் ஓடவிட்டால் தானே கரைந்துவிடும்.

ஃபில்டரைவிடத் தந்திரமான திருடன் ஒருவன் உண்டு: அலமாரி. நம் படுக்கையறைகள் சின்னவை. உத்தரம் வரை உயர்ந்த அலமாரி ஒன்றை ஏர்கோனுக்கு எதிரே, அல்லது ஒட்டினாற்போல் பக்கத்தில் நிறுத்திவிடுவோம். குளிர்காற்று அதில் மோதித் திரும்பி, நேராகப் பெட்டியின் மேல்பக்கத்துக்கே போய் உறிஞ்சப்படும். அங்கே இருக்கும் சென்சார் ‘அறை 24 ஆகிவிட்டது’ என்று நம்பி நிறுத்திவிடும். கட்டிலில் படுத்திருப்பவருக்கு இன்னும் வியர்த்துக்கொண்டிருக்கும். கனமான திரைச்சீலையும் இதே வேலையைச் செய்யும். காற்றை மேல்நோக்கித் திருப்பிவிடும் மடலைச் சற்றே கீழே இறக்கினாலே தீர்ந்துவிடும் வழக்குகள் இவை. இதற்கும் ‘கெமிக்கல் வாஷ்’ எழுதிக் கொடுத்த பில்லை நான் பார்த்திருக்கிறேன்.

இனி பின்கட்டுக்கு வாருங்கள். எங்கள் பக்கத்து வரிசை வீடுகளின் உண்மையான சிக்கல் அங்கேதான் இருக்கிறது என்பது என் கட்சி.

கட்டும்போது வீட்டுக்குப் பின்னால் ஒரு திறந்த முற்றம் இருந்தது. பிறகு சமையலறையை நீட்டினோம். மேலே கூரை போட்டோம். பக்கவாட்டில் கம்பித் தடுப்பு, அதன்மேல் மழைச்சாரல் அடிக்காமல் பிளாஸ்டிக் ஷீட். வெளிப்பெட்டி முன்பு திறந்த வெளியில் இருந்தது. இப்போது அறைக்குள் அகப்பட்டுவிட்டது. அதன் வேலை என்ன? வீட்டுக்குள்ளிருந்து எடுத்து வந்த சூட்டை வெளியே வீசுவது. வீசிய சூடு போக இடமில்லாமல் சுற்றி வந்து அதன் முதுகுப் பக்கமே நுழைகிறது. ஈப்போவின் மத்தியான வெயிலில் தகரக் கூரைக்குக் கீழே ஏற்கெனவே வேகும் காற்று இன்னும் வேகும். அழுத்தம் ஏறும், கம்ப்ரசர் இழுக்கும் கரண்ட் ஏறும், உடம்பு கொதிக்கும், ஓவர்லோட் வெட்டும்.

இந்தக் காவலின் கையெழுத்தைக் கடிகாரம் காட்டிக்கொடுக்கும். ஓவர்லோட் வெட்டினால் மூன்று நிமிடத்தில் கம்ப்ரசர் திரும்பாது. அந்த இரும்புக் குடம் ஆறுவதற்கு அரை மணி நேரம்கூட ஆகும். ஆக, கால் மணி ஓடி அரைமணி படுத்துவிட்டால், அதுவும் வெயில் நேரத்தில் மட்டும் நடந்து ராத்திரியில் ஒழுங்காக ஓடினால், பின்கட்டைத்தான் சந்தேகிக்க வேண்டும். வெளிப்பெட்டியின் முதுகிலிருக்கும் தகடுகளில் பஞ்சு, நாய் முடி, காய்ந்த இலை எல்லாம் அடைந்திருக்கும். ஐசோலேட்டர் சுவிட்சை அணைத்துவிட்டு, தோட்டக் குழாயில் மெதுவாக, தகடு வளையாமல் தண்ணீர் அடித்துக் கழுவுங்கள். அழுத்தத்தோடு பீய்ச்சும் மெஷினைக் கொண்டுவராதீர்கள். துணி காயப்போடும் கொடியை அதன் முகத்துக்கு நேரே கட்டியிருந்தால் அவிழ்த்து வேறு பக்கம் கட்டுங்கள். சூடு வெளியேற ஷீட்டில் ஒரு பகுதியைத் திறந்துவிடுங்கள். அழகு கொஞ்சம் கெடும்தான். மனைவியிடம் பேசிச் சமாளிப்பது அவரவர் பாடு.

மூன்றாவது கையெழுத்து மிகக் குறுகியது. வெளிப்பெட்டி ‘உம்ம்ம்’ என்று முனகும், சில வினாடியில் ‘டக்’ என்று அடங்கும், சில நிமிடம் கழித்து மறுபடி முனகும். குளிர் துளியும் வராது. கம்ப்ரசரைத் தட்டி எழுப்பும் கப்பாசிட்டர் பலவீனமாகிவிட்டதன் அடையாளம் இது. பெரும்பாலான நேரம் அதுவேதான். பழைய வகைக் கம்ப்ரசர் கிளம்பும்போது ஓடும் நேரத்தைவிட ஐந்தாறு மடங்கு கரண்ட் இழுக்கும். கப்பாசிட்டர் கைகொடுக்கவில்லையென்றால் இடத்தைவிட்டு அசையாமல் சுட்டுக்கொண்டு நிற்கும். பாகம் மலிவு, ஆனால் நீங்கள் கைவைக்க வேண்டாம். மின்சாரத்தை அணைத்த பிறகும் அது கரண்டைத் தேக்கி வைத்திருக்கும். இதே முனகல் வோல்டேஜ் இறங்கினாலும் வரும். நமக்குத் தெனாகா தரும் மின்சாரம் 230 வோல்ட்; மேலே பத்து விழுக்காடு, கீழே ஆறு விழுக்காடு வரை ஏறி இறங்கலாம் என்பது வரம்பு. வீட்டு வாசல் வரை அது சரியாக வந்தாலும், பழைய வீட்டில் சாதாரண பிளக்கிலிருந்து நீட்டிய மெல்லிய வயரில், லூசான முனையில், பாதி வழியிலேயே குறைந்துவிடும். ஏர்கோனுக்கு மெயின் பெட்டியிலிருந்து தனி வயர் வர வேண்டும். அதை எரிசக்தி ஆணையத்தில் பதிவு பெற்ற வயர்மேன் செய்ய வேண்டும். பிரேக்கரே விழுந்து, உள்பெட்டி விளக்குகூட எரியாமல் போனால், மறுபடி மறுபடி தூக்கிவிட்டுப் பார்க்கிற வேலையே கூடாது. வயர்மேனைக் கூப்பிடுங்கள்.

பல்லியையும் சொல்லாமல் விடக்கூடாது. வெளிப்பெட்டியின் போர்டு கதகதப்பாக இருப்பதால் உள்ளே போய்ப் படுத்து, இரண்டு முனைக்கு நடுவே கருகிப்போகும். போர்டு முழுதாகப் போனால் மெஷின் ஓடாது. பாதி போனால்தான் இந்த விட்டு விட்டு ஓடும் கூத்து.

என் உறவுக்காரப் பெண் ஒருத்தி கனடாவில் ஸ்கார்பரோவில் இருக்கிறாள். அங்கே ஏர்கோனுக்குப் பதில் ஃபர்னஸ். நிலத்தடி அறையில் நிற்கும் கேஸ் அடுப்பு, விசிறி வைத்து வீடு முழுக்கச் சூடான காற்றை அனுப்பும். ஜனவரிக் குளிரில் அது எரிந்து எரிந்து அணைகிறது என்று வாட்ஸ்அப்பில் கூப்பிட்டாள். “மாமா, உங்களுக்கு இதெல்லாம் தெரியுமா?” என்று சந்தேகத்தோடுதான் கேட்டாள். அந்தப் பெட்டியை நான் தொட்டதில்லை, ஆனால் காவல்கள் அங்கேயும் அவைதான், திசை மட்டும் தலைகீழ். நமக்கு ஃபில்டர் அடைத்தால் பனி உறையும். அவர்களுக்கு ஃபில்டர் அடைத்தால் சூடு வெளியேறாமல் உள்ளே இருக்கும் உலோகம் கொதித்து, லிமிட் சுவிட்ச் அடுப்பை அணைக்கும். விசிறி ஓடி ஆறவைத்ததும் மறுபடி பற்றும். சில நிமிடம் எரிந்து அணைந்தால் அந்தக் கதை. பற்றிய சில வினாடியிலேயே அணைந்தால் வேறு கதை: தீ எரிகிறதா என்று பார்க்கும் மெல்லிய கம்பியில் கரி படிந்து, எரிகிற தீ அதற்குத் தெரியவில்லை. தெரியாவிட்டால் கேஸைத் திறந்துவைக்கக் கூடாது என்பதால் உடனே மூடிவிடுகிறது. சில முறை முயன்றுவிட்டுப் பூட்டிக்கொள்ளும். வெளியே போகும் குழாயின் வாயைப் பனி மூடினாலும் இதே தொல்லை. “முதல்ல ஃபில்டரை எடுத்துப் பாரும்மா, வெளியில குழாய் வாயில பனி இருக்கான்னு பாரு, அதுக்கு மேல கைவைக்காத” என்றேன். எரிகிற அடுப்பு சம்பந்தப்பட்டது. கார்பன் மோனாக்சைடு கண்ணுக்கும் தெரியாது, மூக்குக்கும் தெரியாது. ஒண்டாரியோவில் கேஸ் வேலையை உரிமம் பெற்றவர்தான் செய்யலாம் என்று சட்டமே இருக்கிறது. நம் ஏர்கோன் அந்த அளவுக்கு ஆளைக் கொல்லாது என்பது ஓர் ஆறுதல்.

இனி எல்லாம் சுத்தம், எல்லாம் சரி, ஆனாலும் சீக்கிரம் சீக்கிரம் நிற்கிற மெஷின்கள் உண்டு. குற்றவாளி கடைக்காரரும் நம் கௌரவமும். ஒரு ஹெச்பி என்பது மணிக்கு ஏறக்குறைய 9,000 பிடியு சூட்டை வெளியேற்றும் திறன். ஒன்றரை ஹெச்பி சுமார் 12,000, இரண்டு ஹெச்பி சுமார் 18,000. பத்துக்குப் பன்னிரண்டு அடி படுக்கையறைக்கு ஒரு ஹெச்பி தாராளம். “சூடு ஜாஸ்தியா இருக்கே, ரெண்டு ஹெச்பி போட்டா சட்டுன்னு குளிரும்” என்று வாங்குகிறோம். சட்டென்று குளிரும்தான். சட்டென்று நிற்கவும் நிற்கும். அறைக் காற்றின் சூடு இறங்கிவிட்டது, ஈரம் இறங்கவில்லை. ஈரம் காயிலில் படிந்து, துளியாகி, குழாய் வழியே வெளியேற மெஷின் தொடர்ந்து ஓட வேண்டும். மூன்று நிமிடம் ஓடி நின்றால் காயிலில் படிந்த ஈரத்தை விசிறி மறுபடி அறைக்குள்ளேயே ஊதிவிடும். 23-இல் வைத்தும் உடம்பு பிசுபிசுக்கிறது, போர்வையை இழுத்தால் வேர்க்கிறது, தள்ளினால் நடுங்குகிறது என்பவர்கள் வீட்டில் ஹெச்பி எத்தனை என்று கேட்டுப் பாருங்கள்.

என் அப்பா சிம்மோர் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் புகைக்கூடத்தில் தீ பார்த்தவர். ரப்பர் ஷீட்டுகளைத் தொங்கவிட்டு, கீழே ரப்பர் விறகு எரித்து, நான்கைந்து நாள் புகையில் காயவைப்பார்கள். முதல் நாள் சூடு 40 டிகிரியைச் சற்றே தாண்டலாம், பிறகு படிப்படியாக 60 வரை ஏற்றலாம். அதற்கு மேல் போனால் ஷீட்டில் கொப்புளம் போட்டுத் தரம் இறங்கும். தீயை விட்டுவிட்டால் பூஞ்சை பிடிக்கும். ராத்திரியில் நிம்மதியாகத் தூங்க வேண்டும் என்று ஒரேயடியாகக் கட்டை கட்டையாக அடுக்குகிற ஆளின் ஷீட்டில் கொப்புளமும் வரும், விடியற்காலையில் பூஞ்சையும் வரும் என்பார். கொஞ்சம் கொஞ்சமாக, விடாமல் எரிய வேண்டும். இன்வெர்ட்டர் ஏர்கோன் செய்வது அதைத்தான்: அறை குளிர்ந்ததும் நிற்காமல் வேகத்தைக் குறைத்துக்கொண்டு மெல்ல ஓடிக்கொண்டே இருக்கும். ஆனால் அதற்கும் குறைந்தபட்ச வேகம் ஒன்று உண்டு. அறைக்கு மிஞ்சிய இன்வெர்ட்டரை மாட்டினால், மழை ராத்திரியில் அந்தக் குறைந்தபட்சமே அதிகமாகி, அதுவும் நின்று நின்றுதான் ஓடும். ‘இன்வெர்ட்டர் வாங்கினால் நிற்கவே நிற்காது’ என்று கடையில் சொல்வது பாதி உண்மை.

அரசாங்கம் 2011-இல் தன் அலுவலகங்களில் ஏர்கோனை 24 டிகிரிக்குக் கீழே வைக்கக்கூடாது என்று உத்தரவு போட்டது. வீட்டுக்கும் அது நல்ல கணக்கு. 24, 25-இல் வைத்து மேலே ஒரு மின்விசிறியை மெதுவாகச் சுற்றவிட்டால் 20-இல் வைப்பதைவிடத் தூக்கம் நன்றாக வரும். மெஷினும் பனிச் சென்சார் பக்கம் போகாது.

கடைசியில் கேஸ். ஃபில்டர், காயில், பின்கட்டு எல்லாம் சுத்தமான பிறகும் உள்பெட்டிக் காயிலின் ஒரு மூலையில் மட்டும் பனி, வெளிப்பெட்டியில் சேரும் இரண்டு குழாய்களில் மெல்லியதன் மேல் வெள்ளைப் பூச்சு, ஓட ஓடக் குளிர் குறைகிறது. இந்த மூன்றும் சேர்ந்திருந்தால் கேஸ் கசிந்திருக்கிறது என்று நானும் ஒப்புக்கொள்வேன். கசிவு பெரும்பாலும் குழாயின் விரிந்த முனையை நட்டு போட்டு இறுக்கும் இடத்தில்தான் இருக்கும். சோப்பு நுரை தடவினால் கொப்புளம் விட்டுக் காட்டிக்கொடுக்கும். பழைய மெஷினில் ஆர்22, அடுத்து வந்ததில் ஆர்410ஏ, இப்போதையதில் ஆர்32. ஒன்றில் இன்னொன்றை ஊற்றக்கூடாது. ஆர்410ஏ இரண்டு கேஸ்களின் கலவை என்பதால், கசிந்த பின் மிச்சத்தை எடுத்துவிட்டுத் தராசில் எடை போட்டுப் புதிதாக நிரப்புவதுதான் முறை. ஆர்32 தீப்பிடிக்கக்கூடியது, லேசாகத்தான், ஆனாலும் பக்கத்தில் சிகரெட் பற்றவைக்கிறவரை வேலைக்கு வைக்காதீர்கள். அளவுக்கு மேல் நிரப்பினாலும் அழுத்தம் ஏறி ஓவர்லோட் வெட்டும், அதாவது வைத்தியமே நோயாகும்.

ஆளைக் கூப்பிடுவதற்கு முன் ஒரு தாளில் எழுதிவையுங்கள்: எத்தனை நிமிடம் ஓடுகிறது, எத்தனை நிமிடம் நிற்கிறது, எந்த நேரத்தில், உள்பெட்டி விளக்கு எரிகிறதா மின்னுகிறதா, பனி உண்டா. சிலிபின் கடைகளில் கைத்தொழில் தெரிந்த நல்ல பிள்ளைகள் இருக்கிறார்கள். அந்தத் தாளைப் பார்த்ததும் எங்கே கைவைப்பது என்று அவர்களுக்குப் புரிந்துவிடும். “கேஸ் கொறஞ்சிருச்சு” என்று வந்ததும் சிலிண்டரைத் திறக்கிறவரிடம் இரண்டே கேள்வி கேளுங்கள்: “கசிவு எங்க தம்பி? தராசு கொண்டு வந்திருக்கீங்களா?” இரண்டுக்கும் பதில் இல்லையென்றால் வந்து பார்த்த கூலியைக் கொடுத்து அனுப்பிவிட்டு வேறு ஆளைப் பாருங்கள்.